வாசமில்லாத டயர்கள்

பல்செட்டுக்காரரின் மூக்கு செத்துப் பல காலம் ஆகிவிட்டது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவரைக் கேட்டால், "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்பார். அடுப்பில் பால் தீய்ந்து கரியாகி, எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவை இடித்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

படித்து முடித்த நாளிலிருந்து செயற்கைப் பல் செய்கிற பட்டறையில் வேலை. இளஞ்சிவப்புப் பொடியில் ஒரு திரவத்தை ஊற்றிக் குழைத்து, அச்சில் அழுத்தி, ஈறு வார்க்க வேண்டும். அந்தத் திரவத்தின் நெடி, புதிதாக வேலை கேட்டு வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இவர் திரும்பவில்லை. முதலில் தலைவலி, பிறகு பழக்கம், பிறகு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாமல் போனதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் மூக்குக்கு ஓய்வில்லை. அதற்குக் காரணம் மச்சான், அதாவது அவருடைய மனைவியின் தம்பி. குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வண்டி ஓட்டுவான்: கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, முழங்கை நீளக் கார் ஒன்றை, மூடிப்போன மரச்சாமான் கடைக்குள் விரித்த கம்பளத்தில். "பொம்மைக் கார்" என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பொம்மைன்னா சும்மா ஓடும். இது டயர் சரியில்லன்னா ஓடாது" என்பான்.

அந்த டயரைச் சரி செய்கிறவர்தான் நம் பல்செட்டுக்காரர். ஆரம்பத்தில் ஒரு சக்கரத்தில் டயர் பிய்ந்துகொண்டு வந்தபோது, "குடு, ஒட்டித் தர்றேன்" என்றார். அதுதான் தொடக்கம். ஈறு விளிம்பை மயிரிழை சுத்தமாகச் சீவத் தெரிந்த கை, ரப்பர் விளிம்பை விட்டுவிடுமா? நாளடைவில் டயர் தேர்வு, கழுவல், ஒட்டல், பதப்படுத்தல் எல்லாமே அவர் பொறுப்பாயின. போட்டிக் கூட்டத்தில் அவருக்கு 'பல்லு டாக்டர்' என்று பேர். "டாக்டர், என் டயருக்கு வேர் சிகிச்சை செய்வீங்களா?" என்று கேட்பார்கள். "முதல்ல பிடுங்கித்தான் பார்க்கணும்" என்பார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் டயருக்குத் தைலம் பூசினார்கள். சின்ன புட்டியில் வருகிற, ரப்பரை இளக்குகிற ஒரு திரவம். பூசி ஊறவைத்து, நாலு சக்கரத்திலும் 'தொப்பி' மாட்டிச் சூடேற்றினால், கார் கம்பளத்தைப் பூனை மாதிரி கவ்வும். தொப்பி என்பது மின்கம்பி பொதிந்த, உள்ளே துணி வைத்துத் தைத்த கிண்ணம். பல்செட்டுக்காரர் சமையலறை மேடையில் வாரம் முழுவதும் இந்த வேலையைச் செய்தார். தொப்பிகளை அங்கேயே காயவைத்தார். அவருக்கு எந்த வாசமும் தெரியவில்லை.

மனைவிக்குத் தெரிந்தது. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. ஒருநாள் ஒரு பிள்ளை மடியில் உட்கார மாட்டேன் என்று இறங்கிப்போய், "டீச்சர் மேல பெட்ரோல் வாசம்" என்றதாம். அதை வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த முறை சிரிக்கவில்லை. சேலை, தலையணை, குடிக்கிற டம்ளர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, தலை வலிக்கிறது என்றாள். அவர் டம்ளரை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார். எத்தனை முறை அப்படிச் சொன்னாரோ, தெரியாது. சொன்ன ஒவ்வொரு முறையும், இல்லாத ஒன்றைச் சொல்கிறவளாக அவள் நின்றாள். அதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

பெரிய சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது, கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்க்கிறேன் என்று போனாள். கொஞ்ச நாள் வருடமாகிவிட்டது.

அவள் போன பிறகு அவருக்கு ரோஷம் வந்தது, தன்மேலேயே. தைலப் புட்டிகளைத் தூக்கி எறிந்தார். வேலை மேசையைச் சமையலறையிலிருந்து பால்கனிக்கு மாற்றினார். திரைச்சீலைகளைத் துவைத்தார், மெத்தையை மாற்றினார், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் நடுக்கூடத்தில் நின்று மூச்சை ஆழ இழுப்பார். ஒன்றும் இருக்காது. அந்த 'ஒன்றும் இல்லை' அவருக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது. வீட்டில் இப்போது வாசமே இல்லை, நீயே வந்து பார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பழைய கதை மாதிரி ஆகிவிடும். நேரில், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்கு ஒரு வழி மச்சான் வாயிலாகவே வந்தது.

"அத்தான், அக்காகிட்ட பேசினேன்" என்றான் ஒரு சாயங்காலம், மூக்கைச் சிந்திக்கொண்டே. கிடங்குக் குளிரில் அவனுக்கு வருடம் முழுக்கச் சளி. "இந்த ஞாயித்துக்கிழமை நான் ஃபைனலுக்குப் போனா வந்து பார்க்குறேன்னா."

"என்னைப் பத்தி..."

"நீங்களும் இருப்பீங்கன்னு சொன்னேன். தெரியும், தெரிஞ்சுதான் வர்றேன்னா."

பல்செட்டுக்காரர் கையிலிருந்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படித்தான் சொன்னாளா? அதே வார்த்தையா?"

"ஐயோ அத்தான், அதே வார்த்தைதான். டயரைப் பாருங்க, நான் ஃபைனலுக்குப் போறது உங்க கையிலதான் இருக்கு."

இதற்குள் போட்டியின் விதியும் மாறியிருந்தது. மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் குழந்தைகள் கிளினிக் ஒன்று வந்துவிட்டது. தைல நெடி மேலே ஏறுகிறது என்று அவர்கள் புகார் செய்ய, கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை வாசம் வந்தால் இடம் கிடையாது. ஆகவே தைலத்துக்குத் தடை. டயரில் வாசம் இருந்தால் காருக்கு அன்றைய கணக்கு முழுவதும் ரத்து.

வாசம் பார்க்கிற வேலையைக் காப்பிக்கொட்டைக் கிடங்கில் தரம் பிரிக்கிற ஒருவரிடம் கொடுத்தார்கள். மூக்கையே நம்பிப் பிழைக்கிறவர், பேரே 'மோப்பம்' என்றாகிவிட்டது. அவரும் நியாயஸ்தர்தான். சந்தேகம் வந்தால் தானே தீர்ப்புச் சொல்ல மாட்டார். உள்ளேயே இருக்கிற மூக்கெல்லாம் பழகிப்போயிருக்கும் என்று, அப்போதுதான் வெளியிலிருந்து வந்த யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்வார். ஒருமுறை தபால்காரர், ஒருமுறை வழி கேட்டு நுழைந்த ஆள். அவர்கள் சொல்வதுதான் முடிவு.

தைலம் இல்லாமல் பிடிமானம் வேண்டுமென்றால் டயர் வேலையில் ஒரு குறை இருக்கக் கூடாது. பல்செட்டுக்காரர் அந்த வாரம் பட்டறையிலிருந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். புது டயர்களை எல்லாம் பரப்பி, கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் அழுத்தி, எது எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று பார்ப்பார். ஒரே பொட்டலத்தில் வந்தாலும் அண்ணன் தம்பி குணம் ஒன்றாகவா இருக்கிறது? மெத்தென்றவை ஒரு பக்கம், பிடிவாதமானவை ஒரு பக்கம். கம்பளப் பாதையில் வலது வளைவுகள் அதிகம், ஆகவே முன் இடது சக்கரம்தான் பாவம், எல்லாச் சுமையும் அதன் தலையில். அதற்குப் பிடிவாதமான ஒன்று. பின்சக்கரங்களுக்கு மெத்தென்ற இரட்டையர்.

பிறகு குளிப்பாட்டல். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டாமலிருக்கப் பூசுகிற வழவழப்பு டயரின்மேல் இருக்கும், அதைச் சோப்புத் தண்ணீரில் பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து எடுத்தார். சக்கர விளிம்பை உப்புத்தாளால் உரசி, ஸ்பிரிட்டால் துடைத்து, உள்ளே பஞ்சு வளையத்தைச் சுருக்கமில்லாமல் உட்காரவைத்து, டயரை ஏற்றினார். ஒட்டுவதுதான் கலை. ஊசி முனையில் பசையைத் தொட்டு, விளிம்பை லேசாக விலக்கி, ஒரு சொட்டு. பசை தானாக ஓடி வளையத்தைச் சுற்றிவரும். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதிகமானால் வெளியே வழிந்து கல்லாகி, அந்த இடத்தில் டயர் விறைக்கும். குறைந்தால் பந்தயத்தின் நடுவில் வாயைப் பிளக்கும்.

கடைசியில் தொப்பிகள். அவை பழையவை, தைலக் காலத்தவை. தூக்கி எறிய மனமில்லை, சூடு அவ்வளவு சீராக ஏறும். வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, ஜன்னல் கட்டையில் வெயிலில் கவிழ்த்தார். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் முகத்தில் கவிழ்த்து மூச்சை இழுத்தார்.

"என்ன அத்தான், ஆக்சிஜன் ஏத்துறீங்களா?" என்றான் மச்சான்.

"வாசம் ஏதாவது இருக்கான்னு பாரு."

அவனும் முகத்தில் கவிழ்த்தான். தும்மினான். "சோப்பு."

"வேற?"

"என் மூக்குல அதுக்கு மேல ஒண்ணும் ஏறாது அத்தான். ரெண்டு பேரும் சேர்ந்தாலும் ஒரு முழு மூக்கு தேறாது நமக்கு."

இருவரும் சிரித்தார்கள். தொப்பியைப் பெட்டியில் வைத்தார்கள்.

ஞாயிறு காலை எல்லாம் நன்றாகவே நடந்தது. இது அவருக்குச் சற்றுப் பயத்தைக் கொடுத்தது, அவர் சுபாவம் அப்படி. தகுதிச் சுற்றுகளில் தொப்பியை மிதமான சூட்டில் வைத்தார். மோப்பம் ஒவ்வொரு முறையும் காரைத் தூக்கி, சக்கரத்தை மூக்கருகே கொண்டுபோய், "போ" என்றார். கார் வளைவுகளில் வழுக்காமல், கம்பளத்தைக் கையால் தடவிப்போகிற மாதிரி போயிற்று. எதிர்பார்த்ததைவிடவும் முன்னால் வந்து, மச்சான் ஃபைனலுக்குத் தேர்வாகிவிட்டான்.

"அக்கா கிளம்பிட்டா" என்றான் போனைப் பையில் போட்டுக்கொண்டே. "அத்தான், டயர் இல்ல இது, தங்கம்."

பல்செட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மதியத்துக்கு மேல் குளிர்சாதனத்தைக் கூட்டியிருந்தார்கள், கம்பளம் சில்லென்று இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இந்தக் குளிரில் டயர் முதல் சில சுற்றுகளுக்கு விறைத்துக்கொள்ளும். அவள் பார்க்கிற முதல் சுற்றிலேயே தம்பி கார் வழுக்கிச் சுவரில் மோதினால் எப்படி இருக்கும்? தொப்பியின் திருகைக் காலையில் வைத்ததைவிட நன்றாக மேலே ஏற்றினார். நேரத்தையும் நீட்டினார். தொட்டுப் பார்த்தார், சுட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டார். துணியின் அடி ஆழத்தில் பல வருடமாக உறங்கிக்கொண்டிருந்த தைலம் அந்தச் சூட்டில் எழுந்து வியர்த்து, புது ரப்பருக்குள் இறங்கியது. பக்கத்திலேயே குனிந்து நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஃபைனல் கார்கள் பரிசோதனை மேசைக்கு வந்தன. மோப்பம் மச்சான் காரைத் தூக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். இறக்கினார். மறுபடி கொண்டுபோனார்.

"டாக்டர், என்ன பூசினீங்க?"

"ஒண்ணும் பூசலையே."

"நான் நம்புறேன். என் மூக்கு நம்ப மாட்டேங்குது." சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்பதான் வெளியிலேர்ந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

கதவு அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த பெண்மணி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு யாரையோ தேடினாள். பல்செட்டுக்காரர் காலரை மறுபடி சரிசெய்துகொண்டார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. தன்னைவிட்டுப் பிரிந்து ஒருவருக்கு உடம்பு தேறியிருப்பதைப் பார்ப்பது ஒரு தனி வேதனை.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார் மோப்பம்.

மச்சான் பதறினான். "அது என் அக்காங்க. அவங்க வேண்டாம், வேற யாராவது..."

"அக்கான்னா மூக்கு இருக்காதா? தம்பிக்கு விரோதமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. அம்மா, இந்தச் சக்கரத்துல ஏதாவது வாசம் வருதான்னு பார்த்துச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவளுக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. தம்பியைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். பயப்படாதே, ஒன்றும் இருக்காது என்று பொருள். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அந்த ஒரு நொடியில் இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்றுகூட அவருக்குத் தோன்றியது: எல்லார் முன்னாலும் அவளே முகர்ந்து, அவள் வாயாலேயே 'இல்லை' என்று சொல்லப்போகிறாள்.

அவள் குனிந்தாள். முழு மூச்சு இழுக்க வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். விரல்கள் தானாகப் போய் நெற்றிப் பொட்டைத் தொட்டன.

"இருக்கு" என்றாள்.

மோப்பம் காரை ஓரமாக வைத்து, பலகையில் மச்சான் பேருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். "மன்னிச்சுக்கப்பா. மேல கிளினிக் இருக்கு" என்றார். அடுத்த காரைத் தூக்கினார்.

ஃபைனல் மச்சான் இல்லாமல் தொடங்கியது. கார்கள் குளவிக்கூட்டம் மாதிரி இரைந்தன. மச்சான் தடுப்புக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல்செட்டுக்காரர் மனைவியிடம் வந்தார். கையில் ஒரு தொப்பி இருந்தது, ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியாது.

"இதைக் கழுவினேன்" என்றார். "வெந்நீர்ல."

"தெரியுது. சோப்பு வாசமும் சேர்ந்துதான் வந்துச்சு."

"மோந்து பார்த்தேன்."

அவள் தொப்பியை ஒருமுறை பார்த்தாள்.

"அவன்கிட்டயும் குடுத்துப் பார்க்கச் சொன்னேன்."

"அவன்கிட்டயா?" என்றாள். சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. "ஒரு நிமிஷம் பொய் சொல்லிடலாமான்னுதான் பார்த்தேன். எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்குறீங்க. ஆனா அது ஏறினதும் தலை விண்ணுன்னு ஆயிடுச்சு."

"இப்பவுமா?"

"இப்பவும்."

கார் ஒன்று கவிழ்ந்தது, யாரோ ஓடிப்போய் நிமிர்த்தினார். அவர் ஒரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததை எடுத்தார்.

"வீட்ல..." என்று ஆரம்பித்தார்.

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், அதை அவர் பார்த்தார். திரைச்சீலை, மெத்தை, சுவர், பால்கனி எல்லாம் தொண்டை வரை வந்தன. வீட்டில் வாசமே இல்லை என்று எந்த மூக்கை வைத்துச் சொல்வது? தொப்பியைச் சுத்தம் என்று சொன்ன அதே மூக்கை வைத்தா?

"வீட்ல என்ன?"

"சுண்ணாம்பு அடிச்சேன்" என்றார்.

"ம்" என்றாள். "நல்லது. ரொம்ப நாளா அடிக்காமத்தானே இருந்துச்சு."

பிறகு அவள் தம்பியிடம் போய் அவன் தோளில் கைவைத்து ஏதோ சொன்னாள். கிளம்பும்போது இவர் பக்கம் திரும்பி, "உடம்பைப் பார்த்துக்கங்க. டாக்டர்கிட்ட ஒரு தடவை மூக்கைக் காட்டுங்க" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற அக்கறை.

மச்சான் சாமான்களை மூட்டைகட்டிக்கொண்டே, கண்ணைப் பார்க்காமல், "அத்தான், இனிமே ரெடிமேட் டயரே வாங்கிக்கிறேனே. ஒட்டியே வருது. உங்களுக்கும் எதுக்குச் சிரமம்" என்றான்.

"எனக்கென்ன சிரமம்?"

"இல்ல அத்தான், சும்மா சொன்னேன்" என்றான். சும்மா சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. தொப்பிகளை அவரிடமே விட்டுவிட்டு, அக்காவைப் பேருந்து நிறுத்தத்தில் விட வேண்டும் என்று வேகமாகப் போனான்.

பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தொப்பிகளைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாயிற்று. கூடத்தில் நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. சமையலறையில் இழுத்தார். ஒன்றும் இல்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து இழுத்தார். குருடன் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

வெளியே வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பால் தீய்ந்த அன்று ஓடிவந்த அதே மனிதர், கையில் செய்தித்தாளோடு திறந்தார்.

"ஒரு உதவி. எங்க வீட்டுக்குள்ள ஒரு நிமிஷம் வந்து ஏதாவது வாசம் வருதான்னு சொல்ல முடியுமா?"

"ஐயையோ, காஸ் லீக்கா?"

"காஸ் இல்ல. வேற ஏதாவது."

மனிதர் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார். நிலைப்படியில் நின்று தலையை உள்ளே நீட்டினார். அடுப்புப் பக்கம் திரும்பி ஒருமுறை, கூடத்தின் பக்கம் ஒருமுறை இழுத்தார். முகம் தெளிந்தது.

"பயப்படாதீங்க சார், புதுசா ஒண்ணும் இல்ல" என்றார். "எப்பவும் உங்க வீட்ல அடிக்கிற வாசம்தான்."